அடுத்த பாலம்

நிறுத்தக் கோட்டில் காரை முழுதாக நிறுத்துவதற்கு ஒரு மனிதருக்கு நான் இரண்டு வருடம் பாடம் எடுத்தேன். கடைசிவரை அவர் அதைப் பழகவில்லை. கோட்டுக்கு வருவார், பிரேக்கை மிதிப்பார், கார் நின்றுவிட்டது போலவே இருக்கும். ஆனால் நிற்காது. அரை அங்குலம், அரை அங்குலமாக முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டிப்போட்டன்தானே, பிள்ளை."

"இல்லை, கார் போகுது."

"அது தானாப் போகுது. நான் என்ன செய்ய?"

என் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நான் மிதிப்பேன். பரீட்சை வைக்க வந்த வெள்ளைக்காரர்களும் அதையே செய்து, அந்த ஒரே காரணத்தைச் சொல்லி ஒவ்வொரு முறையும் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு அதில் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு நேரம் கேட்டுப் போன் எடுப்பார்.

நான் குட்மேய்ஸில் கார் பழக்குகிறவள். கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை வைத்த சின்னக் கார் என்னுடையது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இந்தத் தொழிலில் கோபத்தைக் காட்டினால் ஆட்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள் என்பதால், பகல் முழுவதும் சேர்த்துவைத்து வீட்டில் கணவரின் தலையில் இறக்குவேன். அந்த இரண்டு வருடமும் என் கணவருக்குச் சனிக்கிழமைகளில்தான் அதிகம் விழுந்தது.

என்னிடம் பழகிய அந்த மனிதர் அடுத்த தெருவில் இருந்த தபால்காரர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, காலையில் இல்ஃபோர்டில் வீடு வீடாக நடந்து கடிதம் போட்டுவிட்டுப் பின்னேரமும் நடந்தே திரும்புவார். முதல் நாள் பெரிய கறுப்புப் பை ஒன்றோடு வந்து காரில் ஏறினார். "ரெண்டு மணித்தியாலம் சேர்த்துப் போடுங்கோ, பிள்ளை," என்றார். ஆள் ஆர்வமாகப் பழகப்போகிறார் என்று எனக்குச் சந்தோஷம். எந்தப் பக்கம் திரும்புவது என்று நான் சொல்லுமுன்னரே அவர் திரும்பினார். பாதைகளெல்லாம் தெரிந்த மனிதர் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

ஊரைத் தாண்டி ஒரு பாலத்தின் மேல் ஏறியதும் காரை நிறுத்தாமலேயே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கார் முன்னால் போகிறது. நான் பிரேக்கை மிதித்து, எட்டிக் கைப்பிரேக்கை இழுத்து, நிமிர்ந்து பார்த்தால், மனிதர் பாலத்துச் சுவரில் முழங்கையை ஊன்றிக் கமராவைக் கண்ணில் வைத்திருக்கிறார். கீழே கரியடுப்புப் புகை மணத்தோடு ஒரு நீராவி ரயில் வந்தது. பின்னால் மண்ணிறமும் பாலாடை நிறமுமாகப் பழங்காலப் பெட்டிகள். ஜன்னலுக்குள் வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், மேசைக்கொரு குட்டி விளக்கு, கையில் வைன் கிளாஸோடு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். ஒரு நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது.

அவர் ஓடிவந்து காரில் ஏறினார். "கெதியா, பிள்ளை! அடுத்த பாலத்துக்குப் போவம். குறுக்கால போனாத் திரும்பப் பிடிச்சுப்போடலாம்."

"அண்ணை, இது கார் பழகிற வகுப்பு."

"ஓம் ஓம். பழகிக்கொண்டுதானே போறன்."

அவருடைய கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. பஸ் அந்தப் பாலங்களுக்குப் போகாது. டாக்ஸிக்காரன் பாலத்துக்கு நடுவில் நிற்கமாட்டான். பழகுநர் பலகை போட்ட கார் எங்கே நின்றாலும் பின்னால் வருகிறவன், பாவம், கற்றுக்கொள்கிறான் என்று பொறுத்துப்போவான். இதற்காகவே மனிதர் என்னைப் பிடித்திருக்கிறார். திட்டினேன். அடுத்த வாரம் வரவேண்டாம் என்றேன். அடுத்த வாரம் அவர் வந்து ஏறியபோது, "இண்டைக்கு எந்தப் பாதையால வருது?" என்று கேட்டது நான்தான்.

இந்த நாட்டில் ரயில் பெட்டியைச் சொந்தமாக வைத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மலையும் காடும் பார்க்கப் போகிற சுற்றுலா ரயில்களின் வாலில் சிலவேளை கரும்பச்சையில் ஒரு பெட்டி வரும். கடைசியில் பித்தளைக் கம்பி அடித்த ஒரு சின்ன விறாந்தை, உள்ளே திரைச்சீலை, சாய்மனைக் கதிரைகள்.

"உது ஒரு ஆளின்ர சொந்தப் பெட்டி, பிள்ளை. நாங்கள் கார் வைச்சிருக்கிறம். அவர் ரயில் பெட்டி வைச்சிருக்கிறார்."

"அதை எங்க நிப்பாட்டுறவர்? வீட்டுக்கு முன்னால விட கவுன்சிலிட்ட பெர்மிட் எடுத்தவரோ?"

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கெண்டு ஷெட் இருக்குது. சுற்றுலா ரயில் விடேக்க வாலில கொழுவி விடுவினம். கொழுவுற நாள் ஆருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதுதான் கரைச்சல்," என்றார்.

அந்தப் பச்சைப் பெட்டி அவருக்கு ஒருநாளும் சரியாக அகப்பட்டதில்லை. மழை பெய்யும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு சாதாரண ரயில் வந்து மறைக்கும். இல்லாவிட்டால் விறாந்தையில் யாராவது நின்று கையாட்டுவார்கள். அவர் எடுத்த மற்றப் படங்கள் எல்லாமும்கூட ரயிலின் முதுகுதான். மற்றவர்கள் என்ஜின் முன்னால் வருவதை எடுப்பார்கள். இவர் அது தன்னைத் தாண்டிப்போகும்வரை பொறுத்து, கடைசிப் பெட்டி வளைவில் மறைவதை எடுப்பார். ஏன் என்று கேட்டேன். "வாறது வரும்தானே, பிள்ளை. போறதைத்தான் பிடிக்க ஏலாது," என்றார். சொல்லிக்கொண்டே காருக்கு ஓடினார்.

பாலங்களில் படம் எடுக்க வரும் வெள்ளைக்காரர்கள் வேறு இனம். மடக்குக் கதிரை, தேநீர்ப் போத்தல், சான்ட்விச். காலையிலேயே வந்து ஓர் இடத்தைப் பிடித்தால் அந்த இடம்தான். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் எங்களைக் கண்டால் தன் மனைவிக்கென்று கொண்டுவந்த இரண்டாவது கதிரையை விரித்து அண்ணைக்கு நீட்டுவார். அண்ணை மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லி வாங்கி, அதில் தன் கமராப் பையை இருத்திவிட்டு, பக்கத்தில் நின்று ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருப்பார்.

ஆம், அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து இருந்து நான் கண்டது காரில் மட்டும்தான். அதுவும் ஸ்டியரிங் கையில் இருப்பதால். எங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலடியில் நிற்பார். கோயிலில் எல்லாரும் அன்னதானத்துக்குப் பந்தியில் இருக்க இவர் வாளியைத் தூக்கிப் பரிமாறப் போய்விடுவார். ஊரில் அவரைத் தொண்டு மனப்பான்மை உள்ளவர் என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இருக்கச் சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில்தான் அந்த வாளியைத் தூக்குகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஒருமுறை இல்ஃபோர்டில் தலைமயிர் வெட்டப் போயிருக்கிறார். பாதித் தலை வெட்டியாகிவிட்டது. கடைக்குப் பின்னால் இருக்கும் பாதையில் நீராவி ரயிலின் ஊதல் கேட்டிருக்கிறது. கழுத்தில் கட்டிய துணியோடு எழும்பி ஓடியவர், துணியைத் திருப்பிக் கொடுக்க மறுநாள்தான் போனார். இடையில் ஒரு பக்கம் கட்டையும் ஒரு பக்கம் நீட்டுமாக ஒரு நாள் முழுக்கக் கடிதம் போட்டிருக்கிறார். கேட்டவர்களிடம், "மற்றப் பக்கம் நாளைக்கு," என்றாராம்.

சண்டைக் காலத்தில் ஓடிவந்தவர், அதனால்தான் கால் தரிக்காது என்று எங்கள் ஆட்கள் காரணம் சொல்வார்கள். எதற்கெடுத்தாலும் அந்தக் காரணத்தைச் சொன்னால் கேட்பவர்கள் வாயை மூடிவிடுவார்கள் அல்லவா. நான் அதை அவரிடமே ஒருநாள் கேட்டேன்.

"சீச்சீ. சண்டைக்கு முந்தியும் நான் உப்பிடித்தான். பள்ளிக்கூடத்தில வாத்தியார் மற்றப் பெடியளை வாங்குக்கு மேல ஏத்தி நிக்க வைப்பார். என்னை மட்டும் இருக்கச் சொல்லித் தண்டிக்கிறவர்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஆனால் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த மனிதரோடு வாழ்ந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய மனைவி. பள்ளிக்கூடம் ஒன்றின் சாப்பாட்டறையில் வேலை. வரிசையாக இருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பகல் முழுவதும் பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்தால், புருஷன் குசினியில் சிங்குக்குப் பக்கத்தில் நின்று, சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திச் சாப்பிடுவார். மூன்று வாய் தின்றுவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். மேசையில் அக்கா தனியே இருந்து சாப்பிடுவார். மகள் இருக்கும்வரை அது பெரிதாகத் தெரியவில்லை. மகள் வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போனபிறகு அந்த மேசை பெரிதாகிவிட்டது என்று அக்கா ஒருமுறை சொன்னார்.

அவர்கள் வீட்டுச் சுவர் முழுவதும் ரயில்கள். மனிதர்கள் இருக்கும் படம் ஒன்றே ஒன்று, கலியாணப் படம். மணவறையில் அக்கா தெளிவாக இருக்கிறார், தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை மட்டும் கலங்கிப்போயிருக்கிறார். "படம் எடுக்கிற நேரம்கூட அசைஞ்சுபோட்டார். அண்டைக்கே எனக்கு விளங்கியிருக்கோணும்," என்று அக்கா விரலால் கண்ணாடியைத் துடைத்தார்.

ஒரு வியாழக்கிழமை குட்மேய்ஸ் மரக்கறிக் கடையில் அக்கா என்னைப் பிடித்தார். பயற்றங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒரு விஷயம் கேக்கிறன். அந்தச் சுற்றுலா ரயில் வெளிக்கிட்டா இடையில எங்கயும் நிக்குமோ?"

"எனக்குப் பாலத்துக்கு மேலால பாத்த ரயில்தான் தெரியும், அக்கா. ஏன்?"

"ரெண்டு ரிக்கற் எடுத்திட்டன். கலியாணம் முடிச்சு இருபத்தஞ்சு வருஷம் வருது. விக்டோரியாவில வெளிக்கிட்டு, சரே மலையளைச் சுத்திக்கொண்டு, பொழுதுபட விக்டோரியாவுக்கே திரும்பி வருமாம். மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் தேத்தண்ணி, கேக். ரெண்டுபேருக்கு எதிர் எதிரா மேசை." அக்கா சிரித்தார். "ஓடுற ரயிலில இருந்து எழும்பி எங்க போவார்?"

இதைவிடக் கெட்டித்தனமான யோசனையை நான் கேட்டதில்லை. அவருக்குப் பிடித்ததற்குள்ளேயே அவரைப் பூட்டிவிடுவது. நானும் சிரித்தேன். அக்காவின் சிரிப்பு எனக்கு முன்னரே நின்றுவிட்டது.

"மகள் வா வா எண்டு நிக்கிறாள். அறையும் ஒழிச்சு வைச்சிருக்கிறாள். நான் இவ்வளவு நாளும் ஏலாது எண்டுதான் சொன்னனான். இந்தச் சனிக்கிழமை பாக்கிறன். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எனக்கு முன்னால இருக்க ஏலாட்டி, நான் ஏன் தங்கச்சி இஞ்ச இருக்கோணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. முற்றிய காயை ஒதுக்கி நல்ல காயைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

"அண்ணைக்கு இது தெரியுமோ?"

"எல்லாம் சொல்லிப்போட்டன். ஒளிச்சு வைச்சுப் பொறி வைக்கிறதுக்கு அவர் என்ன எலியோ? கமராவையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன். வெறுங்கையோட இருந்தா இன்னும் அந்தரப்படுவார்."

அந்தச் சனிக்கிழமை நான் வகுப்பு வைக்கவில்லை. ஹவுன்ஸ்லோவில் அக்காள் வீடு, என் சொந்த அக்காள், அண்ணையிடமும் சொல்லிவிட்டு அங்கே போயிருந்தேன். பகல் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"பிள்ளை, ஹவுன்ஸ்லோவிலயோ நிக்கிறியள்?" மூச்சு வாங்கியது. "ரயில் போயிட்டுது."

"எந்த ரயில்?"

"எங்கட ரயில். அவ உள்ளுக்க இருக்கிறா."

என்ன நடந்தது என்பதை அரைமணி நேரம் கழித்து, சரேயில் ஒரு சின்ன ஸ்டேஷன் வாசலில் அவரை ஏற்றியபிறகு கேட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியிருக்கவேண்டும். ஆனால் அவருடைய முகம் திட்டுவதற்கு இடம் தரவில்லை.

காலையில் விக்டோரியாவில் ஏறும்போதே கண்டிருக்கிறார், வாலில் அந்தப் பச்சைப் பெட்டி கொழுவியிருந்தது. நிலையத்துக் கூரைக்குக் கீழே இருட்டு, படம் எடுக்க ஏலாது. பேசாமல் வந்து தன் இருக்கையில் இருந்திருக்கிறார். ரயில் புறப்பட்டது, சூப் வந்தது. அவருடைய முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மேசைமேல் கரண்டி கிலுகிலுத்திருக்கிறது. அக்கா கரண்டியை எடுத்துக் கைக்குட்டைக்கு மேல் வைத்திருக்கிறார். நன்றாகத்தான் போயிருக்கிறது. அக்கா மகளின் சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்லி இரண்டுபேரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு, சாதாரண ரயில் ஒன்றுக்கு வழிவிட அந்தச் சின்ன ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். விரும்பினவர்கள் கொஞ்ச நேரம் நடைமேடையில் இறங்கலாம் என்று சொன்னார்கள். வெயில் எறித்தது. விறாந்தையில் ஆள் இல்லை.

"ஒரே ஒரு படம் எண்டு கேட்டன், பிள்ளை. போயிட்டு வாங்கோ எண்டா."

"பிறகு?"

"நடைமேடையில இருந்து எடுத்தா ஒரு தூண் மறைச்சுது. ஸ்டேஷனுக்கு வெளியில, ரோட்டால ஏறினா ஒரு பாலம். கிட்டத்தான்."

பாலத்தில் ஏறி எடுத்திருக்கிறார். வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே நல்ல படம். அதைக் கமராவின் கண்ணாடியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, படத்துக்குப் பின்னால் நிஜப் பெட்டி நகர்ந்துபோயிருக்கிறது. ஓடினாராம். அக்காவுக்குப் போன் எடுத்தாராம். அக்கா எடுக்கவில்லை.

"தண்ணி எடுக்க என்ஜின் ஒரு இடத்தில நிக்கும். லொறியில தண்ணி கொண்டுவந்து குழாயால விடுவினம். ரயில் மலையைச் சுத்திக்கொண்டு வரோணும், நாங்கள் நேர போகலாம். அங்க ஏறிப்போடுவன்."

கூரையில் சிவப்புப் பலகையோடு அந்த ஒடுங்கிய கிராமத்துப் பாதைகளில் நான் அன்று ஓட்டிய வேகத்தைக் கண்டிருந்தால் என்னிடம் யாருமே கார் பழக வந்திருக்கமாட்டார்கள். அவர் பக்கத்து ஆசனத்தில், அங்கே இருக்கும் பிரேக்கைத் தொடாமல், இல்லாத ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்போலக் காலால் நிலத்தை அழுத்திக்கொண்டு வந்தார்.

ரயிலுக்கு முந்தி வந்துவிட்டோம் என்று நினைத்தோம். பாலத்தில் ஏறும்போதே கீழே புகை தெரிந்தது. ரயில் நின்றுகொண்டிருந்தது. லொறியிலிருந்து என்ஜினுக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் நடைமேடை இல்லை. இரண்டு பக்கமும் ஆளுயர இரும்பு வேலி. அவர் இறங்கி வேலியோரமாக ஓடினார். செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர் தன்மையாகக் கையை விரித்து ஏற முடியாது என்று சொன்னது எனக்கு மேலிருந்து தெரிந்தது. திரும்பி என்னருகே வந்து பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீழே, சற்றுத் தள்ளி, அவர்களுடைய ஜன்னல். வெள்ளை விரிப்பு, குட்டி விளக்கு. அக்கா சிவப்புச் சேலையில் இருந்தார். எதிர் இருக்கை வெறுமையாக இருந்தது. அந்த இருக்கைக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை, அதற்கு மேல் கவிழ்த்து மூடிய இன்னொரு கோப்பை. பிந்தி வருகிறவருக்கு எங்கள் வீடுகளில் சோற்றை மூடி வைப்போமே, அப்படியே மூடி வைத்திருந்தார். பரிமாறுகிற பையன் எடுக்க வந்தபோதெல்லாம் கையால் மறித்து, வருவார் என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அக்காவின் கோப்பையில் சாப்பாடு தொடாமல் இருந்தது.

யாரோ பாலத்தைக் காட்டியிருக்கவேண்டும். அக்கா நிமிர்ந்தார். அவரைப் பார்த்தார். அவருடைய கழுத்தில் தொங்கிய கமராவைப் பார்த்தார். அடுத்த பாலத்துக்கு வந்து படம் எடுக்க நிற்கிறார் என்றுதான் யார் பார்த்தாலும் நினைப்பார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கி, அப்படியில்லை, அப்படியில்லை என்று ஆட்டினார். ஓடும் ரயிலுக்குக் கையாட்டுகிறவர்களைப் போலத்தான் அது இருந்தது.

அக்கா மூடியிருந்த கோப்பையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். பையனைக் கூப்பிட்டார். அவன் குனிந்து சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனான். பிறகு அக்கா மற்றப் பக்கத்து ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடுக்கச் சொல்லிப்போட்டா," என்றார் அவர்.

ரயில் ஊதிவிட்டுப் புறப்பட்டது. பெட்டி பெட்டியாகக் கடந்து, கடைசியில் பச்சைப் பெட்டி, பித்தளைக் கம்பி மின்ன, ஆளில்லாத விறாந்தையோடு போனது. அவர் கமராவைத் தொடவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். "அடுத்த பாலத்துக்குப் போவமோ, அண்ணை?"

"வேண்டாம். விக்டோரியாவுக்குப் போவம். அவ இறங்கேக்க நான் அங்க இருக்கோணும்."

லண்டன் நடுவுக்குள் கார் கொண்டுபோகிற முட்டாள்தனத்தை நான் என் மாணவர்களுக்குச் செய்யவேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பவள். அன்று நானே செய்தேன். வாசலில் நின்ற நிலையப் பெண்மணிக்கு அவருடைய டிக்கெட்டைக் காட்டி, அரைகுறையாகக் கதையைச் சொன்னேன். பாதிக் கதையிலேயே கண் கலங்கி எங்களை உள்ளே விட்டார். ரயில் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. நடைமேடை நடுவில் ஆட்கள் இருக்க ஓர் இரும்பு வாங்கு. அவர் அதற்கு முன்னால் போய் நின்றார். கழுத்திலிருந்து கமராவைக் கழற்றி என்னிடம் தந்தார். இரண்டு வருடத்தில் அதை என் கையில் அவர் தந்ததில்லை. பிறகு இருந்தார்.

இரண்டு கையாலும் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வலது முழங்கால் ஆடியது. பக்கத்து நடைமேடைகளில் ரயில்கள் வந்தன, போயின. ஒவ்வொன்றுக்கும் கழுத்து திரும்பியது. உடம்பு எழும்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

"கொஞ்சம் நடந்திட்டு வாங்கோ, அண்ணை. நேரம் கிடக்குது."

"எழும்பினா நான் திரும்பி வந்து இருக்கமாட்டன், பிள்ளை. எனக்குத் தெரியும்."

கோப்பி வாங்கிக் கொடுத்தேன். முழங்கால் ஆட்டத்தில் பாதி காற்சட்டையில் சிந்தியது. மீதியை நிலத்தில் வைத்துவிட்டார். நான் போயிருக்கலாம். என் கணவர் இரண்டுமுறை போன் எடுத்தார். எனக்குப் போக மனம் வரவில்லை. அக்கா அவரைத் தாண்டி நேரே நடந்துபோய்விடுவார் என்ற பயம் எனக்கு. அப்படிப் போனால் அவரைத் தனியே விடக்கூடாது என்று நினைத்தேன்.

பொழுது சாயும் நேரம் ரயில் வந்தது. சிரித்த முகங்களும் தொப்பிகளும் வைன் மணமுமாக ஆட்கள் இறங்கிப் போனார்கள். எல்லாருக்கும் பிறகு அக்கா இறங்கினார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்களைக் கண்டு நடையைத் தளர்த்தி, அவருக்கு முன்னால் வந்து நின்றார். அவர் எழும்பவில்லை. எழும்பவேண்டுமா இருக்கவேண்டுமா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"எவ்வளவு நேரமா இருக்கிறியள்?"

நான்தான் சொன்னேன். "அந்தப் பாலத்தில இருந்து நேர இஞ்சதான் வந்தனாங்கள், அக்கா. வந்ததில இருந்து எழும்பேல்ல."

"பொய்."

"பொய்யில்லை. கோப்பிகூட நான்தான் போய் வாங்கினனான்."

அக்கா நிலத்தில் ஆறிக் கிடந்த கோப்பியைப் பார்த்தார். காற்சட்டையில் சிந்திக் காய்ந்திருந்த கறையைப் பார்த்தார். அதைத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன், என்னை அல்ல. பெருமூச்சு விட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார். கைப்பைக்குள்ளிருந்து காகிதத் துவாயில் சுற்றிய இரண்டு கேக் துண்டுகளை எடுத்தார்.

"நான் ஒண்டும் சாப்பிடேல்ல. எனக்கு இறங்கேல்ல," என்றார். ஒரு துண்டை அவருடைய உள்ளங்கையில் வைத்தார். "இருந்து சாப்பிடுங்கோ."

இருவரும் சாப்பிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார், கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நடைமேடையின் மறுமுனையில் கூரை முடிந்து வெளிச்சம் தொடங்கும் இடத்தில் பச்சைப் பெட்டி நின்றது. பின்னேர வெயில் நேராக அதன்மேல் விழுந்து பித்தளை எரிந்தது. எனக்கே அது நல்ல வெளிச்சம் என்று தெரிந்தது. அவர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். முழங்கால் இன்னும் வேகமாக ஆடியது. அக்கா தன் கைப்பையைத் தூக்கி அந்த முழங்காலின்மேல் வைத்தார். கைப்பையும் சேர்ந்து ஆடியது. காலிப் பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு என்ஜின் மெல்ல வெளியே போனது. அவர் எழும்பவில்லை.

கமரா என் கையில் இருந்தது. "இதை எப்படி அமத்திறது, அண்ணை?" என்று கேட்டேன்.

"மேல இருக்கிற பெரிய பொத்தான். மெல்ல. அவசரப்படாதேங்கோ," என்றார் அவர், வாய் நிறையக் கேக்கோடு.

மெல்ல அழுத்தினேன். கண்ணாடியில் படம் வந்தது. வெளிச்சம் போதாது, சட்டமும் கோணல். ஆனால் இரண்டு முகங்களும் தெளிவாக விழுந்திருந்தன. கைப்பை மட்டும் அசைந்திருந்தது.